நாலு அவணம், இரண்டு ஹெக்டேயர்

வல்லிபுரத்துக்குச் சொந்தமாக ஒரு முழத் தரைகூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய கதையைக் கேட்கிறவர்கள் அவரைப் பெரிய நிலக்காரப் போடியார் என்று நினைத்துக்கொள்வார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வீடும் வயலும் பெண்ணோடு போகும். தாயிடமிருந்து மகளுக்கு, அந்த மகளிடமிருந்து அவள் மகளுக்கு. ஆண்பிள்ளை கட்டின துணியோடு போய் மனைவி வீட்டில் ஏறுவான். வல்லிபுரமும் அப்படித்தான் ஏறினார். இருந்தது மனைவி அன்னப்பூரணியின் வீடு, விதைத்தது அன்னப்பூரணியின் வயல். அவள் கண்ணை மூடிய பிறகு இரண்டும் ஒரே மகள் ஆர்த்திகாவுக்கு உரியவை. மனிதருக்கென்று இருந்தது ஒரு சொல் மட்டும்தான். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் ஊரில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

அவர் கண்டல்முனை வட்டையின் விதானை. வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல்களெல்லாம் சேர்ந்த வெளி. விதானை என்றால் அந்தத் தண்ணீரை யாருக்கு முதலில் திறப்பது, மாடுகளை எப்போது வெளியே அனுப்புவது, வரம்புச் சண்டையை எப்படித் தீர்ப்பது என்று சொல்லும் ஆள். போகம் தொடங்க முன் வைக்கிற கூட்டத்தில் விவசாயிகள் கை தூக்கித் தெரிவு செய்வார்கள். அறுவடையில் ஒவ்வொரு வயலிலிருந்தும் கொஞ்சம் நெல் அவருக்குக் கூலி. விதானை இடத்தை வேறு ஆள் கேட்டதில்லை, இவரும் விட்டுக்கொடுத்ததில்லை. அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது தண்ணீரும் அல்ல, மாடும் அல்ல. அளவு.

அரசாங்கக் கந்தோரில் ஏக்கர் என்பார்கள், ரூட் என்பார்கள், பேர்ச்சஸ் என்பார்கள். இப்போது அதையெல்லாம் விட்டு ஹெக்டேயர் என்கிறார்கள். வட்டையில் அவணம்தான் பேச்சு. ஓர் அவணம் விதைநெல்லை எறிந்தால் எவ்வளவு தரை பிடிக்கிறதோ அவ்வளவு தரை ஓர் அவணம். அதற்குக் குறைந்தது மரக்கால் கணக்கு. கயிறு இல்லை, சங்கிலி இல்லை. வல்லிபுரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பில் ஏறி நின்று கண்ணை இடுக்குவார். இத்தனை மரக்கால் என்று ஒரு சொல் விழும். சந்தேகக்காரர்கள் விதைத்துப் பார்த்துவிட்டு மரக்காலைக் கவிழ்த்துக் காட்டுவார்கள், ஒரு பிடி மிஞ்சியிராது. அன்னப்பூரணிக்கு மட்டும் இந்தப் பெருமையெல்லாம் கண்ணில் காட்டக் கூடாது. ஊரான் வயலை அளந்து அளந்தே இந்த மனிசனுக்கு வயிறு நிரம்பிவிடுகிறது என்பாள்.

அந்த அளவில் ஒரு விஷயம் இருந்தது. மேட்டுப்பக்கத்து நல்ல தரையில் விதையை அளவாக எறிந்தால் போதும். ஆற்றோரத்தில் அப்படி இல்லை. வாவியை அங்கே ஆறு என்றுதான் சொல்வார்கள். மாரியில் ஆறு பெருகி, கண்டல் மரங்களைத் தாண்டி உப்புத் தண்ணீர் ஏறும் தரைகள் உண்டு. அங்கே பாதி விதை முளைக்காமலே அவிந்து போகும். அதனால் இரட்டைக் கை எறிய வேண்டும். மேட்டில் ஓர் அவணம் விதைக்கிற பரப்பில் சரி பாதிக்குள்ளேயே ஆற்றோரத்தில் ஓர் அவணம் நெல் தீர்ந்துவிடும். இது எல்லாருடைய கைக்கும் தெரியும். வாய்க்குத் தெரியாது. பேச்சில் அவணம் என்றால் அவணம்தான், மேடென்ன, ஆற்றோரமென்ன.

இதை வைத்துத்தான் வல்லிபுரம் ஊரில் பங்கு பிரித்துக்கொடுத்தார். பிரஷாந்தி என்று ஒருத்தி. தாய் இறந்தபோது அக்காவுக்கு மேட்டில் இரண்டு அவணம், இவளுக்கு ஆற்றோரத்தில் இரண்டு அவணம் என்று பிரித்தவர் அவர்தான். இரண்டும் சமன், யாரும் வாய் திறக்கக் கூடாது என்றார். யாரும் திறக்கவில்லை. ஒவ்வொரு போகமும் அக்கா வீட்டில் மூட்டை அடுக்குகையில் பிரஷாந்தி வீட்டில் அதில் பாதிகூட வராது. அவள் முறைப்பட்டால், உவரைக் குற்றம் சொல்லு புள்ள, அளவைச் சொல்லாதே என்பார். அப்படி அவர் சொல்லில் பிரிந்த குடும்பங்கள் ஊரில் வீதிக்கு வீதி உண்டு.

ஆர்த்திகாவின் வயலும் ஆற்றோரம்தான். நாலு அவணம். பேச்சில் நாலு அவணம். அவளும் புருஷன் பிரதீசும் அதில் பாடுபட்டு, வருடம் முழுவதும் வீட்டுச் சோற்றுக்குப் போதுமானதைக் கண்டார்கள். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு இரண்டு அவணம், இளையவளுக்கு இரண்டு அவணம் என்று பிள்ளைகள் நடை பழக முன்பே மனதுக்குள் வரம்பு கட்டிவிட்டாள். அந்தப் பக்கத்துத் தாய்க்கு அதைவிடப் பெரிய நினைப்பு வேறு கிடையாது.

அப்போதுதான் எண்ணெய் வந்தது. எண்ணெய் வந்தது என்றா சொன்னேன்? எண்ணெய் தேடுகிறவர்கள் வந்தார்கள். ஏதோ ஒரு கம்பனி. முதலில் வெடி வைத்து நிலத்தின் அடியில் சத்தம் பார்த்தார்கள். பிறகு, கண்டல்முனையில் ஒரு சோதனைக் கிணறு துளைக்கப் போகிறோம், அதற்குத் தரை வேண்டும் என்று வந்து நின்றார்கள். ஊரோடு பேசுவதற்குத் தேற்றாத்தீவுப் பொடியன் ஒருவனை வைத்திருந்தார்கள், தனோஜன் என்று பேர். பல்கலைக்கழகம் முடித்தவன், பணிவானவன், கூட்டத்துக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவான். அவன்மீது எனக்குக் கோபம் இல்லை. வேலைக்கு வந்தவன் வேலையைச் செய்தான்.

மாதர் சங்கக் கட்டடத்தில் கூட்டம். ஒரு துளைக்கு எவ்வளவு தரை வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு ஹெக்டேயர் என்றான் தனோஜன். துளை எவ்வளவு அகலம் என்றார்கள். அவன் இரண்டு கையாலும் ஒரு சோற்றுப் பானையின் அளவைக் காட்டினான். கட்டடமே சிரித்தது. பானை அளவுத் துளைக்கு இரண்டு ஹெக்டேயர் கேட்கிறானே, குடிக்கிற கிணறு வெட்டினால் முழு ஊரையும் கேட்பான் போல என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். தனோஜன் கோபிக்கவில்லை. ஒவ்வொன்றாக விளக்கினான். துளைக்கிற கோபுரம் ஒன்று, அது சேற்றில் புதையாமல் நிற்கக் கிறவல், அதாவது சரளைக்கல், போட்டு உயர்த்தின தளம். துளையிலிருந்து வருகிற சேற்றைத் தேக்கப் பொலித்தீன் விரித்த பெரிய குழி. அடுக்கடுக்காகக் குழாய். தண்ணீர்த் தாங்கி, டீசல் தாங்கி, மின்சாரம் எடுக்கிற இயந்திரம். வேலையாட்கள் தங்குகிற கொட்டில். நீட்டு லொறி வந்து திரும்பிப் போக இடம். எண்ணெய் கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, தரையைப் பழையபடி ஆக்கிக் கொடுத்துவிட்டுப் போவோம் என்றான். கிடைத்தால் வேறு பேச்சு, அதை அப்போது பேசுவோம் என்றான்.

சனத்துக்குக் குழாயும் கோபுரமும் விளங்கிற்று, ஹெக்டேயர் விளங்கவில்லை. எல்லாத் தலையும் ஒரு பக்கம் திரும்பிற்று. வல்லிபுரம் அதற்காகத்தான் காத்திருந்தார். எழுந்து, தோளில் கிடந்த துவாயை உதறி மறு தோளில் போட்டார்.

"இதென்ன பெரிய வித்தையா? ஒரு ஹெக்டேயர் எண்டா ஒரு அவணம். ரெண்டு ஹெக்டேயர் ரெண்டு அவணம். முடிஞ்சிது."

தனோஜன் போனை எடுத்துத் தட்டிப் பார்த்தான். ஒரு ஹெக்டேயர் கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். அவணம் எத்தனை ஏக்கர் என்று முன்னால் இருந்தவர்களிடம் கேட்டான். இரண்டரை என்றார்கள். அவன் முகம் மலர்ந்து போயிற்று. ஐயா சொன்னது அச்சொட்டாகச் சரி என்றான். மேட்டுத் தரையின் அவணத்துக்கு அது சரிதான். படித்தவனுக்கும் சரி, படியாதவனுக்கும் சரி, கணக்குப் பொருந்திவிட்டது. பொருந்தின சந்தோசத்தில் ஒருவரும் வயலுக்குப் போய்க் காலை வைக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் தனோஜன் வீட்டுக்கே வந்துவிட்டான். கம்பனிக்குப் பிடித்தது ஆர்த்திகாவின் வயல் கிடக்கிற இடம்தான். வாடகைக்குத் தந்தால் போதும், பிரதீசுக்குக் காவல் வேலையும் உண்டு, வாவிப் பக்கம் ஓர் அணை போட்டுத் தருவோம், உப்பு ஏறாது என்றான். ஐயா என்று அழைத்து, ஐயாவின் ஆலோசனைதான் வேண்டும் என்றான். அன்னப்பூரணி போன பிறகு அப்படி ஒரு சொல்லை அந்த வீட்டில் எவரும் வல்லிபுரத்திடம் சொன்னதில்லை. மனிதர் குளிர்ந்துபோனார். நாலு அவணத்தில் இரண்டைக் கொடுத்தாலும் மிச்சம் இரண்டு இருக்கிறது, உவர்த்தரைதானே, வருகிற வாடகையை ஏன் விட வேண்டும் என்று மகளுக்குச் சொன்னார்.

ஆர்த்திகா அம்மியில் கையை வைத்தபடி நின்று யோசித்தாள். அவள் கெட்டிக்காரி. வருடாவருடம் அந்த வயலில் விதை சுமந்து கொடுத்தவள், விதைக் கடகம் எத்தனை தரம் காலியானது என்று அவளுக்குத் தெரியும்.

"அப்பா, கையெழுத்து வைக்க முந்தி ஒருக்காக் கயிறு பிடிச்சுப் பாப்பமா?" என்றாள்.

வல்லிபுரம் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, நிலைப்படியில் நின்றுகொண்டே சொன்னார்.

"ஊரே என்ட சொல்லில வரம்பு கட்டி இரிக்கி. என்ட வீட்டுக்குள்ள கயிறு பிடிக்கச் சொல்லுறா என்ட மகள். பிடிகா, பிடி. பிடிச்சுப்போட்டு ஊருக்கும் போய்ச் சொல்லு."

ஆர்த்திகா தகப்பன் முகம் சுருங்கினால் தாங்கமாட்டாள், அது அவளுடைய பெலவீனம். கையெழுத்து வைத்தாள்.

முளைக்கட்டை அடிக்கக் காத்தான்குடியிலிருந்து நில அளவையாளர் வந்தார். அப்ஹாம் என்று பேர், அமைதியான மனிசன். ஒரு தடியில் பூட்டின கருவியோடு வடக்கு வரம்பிலிருந்து தொடங்கினார். கூட வந்தவன் சிவப்புப் பூசின கட்டைகளை அடித்துக்கொண்டே போனான். ஆர்த்திகா நடு வரம்பில் நின்றாள். பாதி வயலில் கட்டைகள் திரும்பும், அங்கால் தன்னுடையது என்று அவள் அந்த இடத்திலே நின்றாள். கட்டைகள் அவளைத் தாண்டிப் போயின. அவள் மிச்சத்தில் அரைவாசிக்கு அங்கால் நகர்ந்து நின்றாள். அங்கேயும் தாண்டின. கடைசிக் கட்டை கண்டல் வேரோடு போய் இறங்கிற்று. அந்தப் பக்கம் மிஞ்சியது, இரண்டு மாடு ஒன்றன்பின் ஒன்றாக நடக்கக்கூடிய ஒரு கீலம். அதற்கு அப்பால் தண்ணீர்.

வல்லிபுரம் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார், பாவம். மெசினுக்குச் சூடு பிடித்துவிட்டது என்றார். அப்ஹாம் வாதாடவில்லை. வாகனத்திலிருந்து நாடாவை எடுத்துவரச் சொல்லி, வல்லிபுரத்தின் கையிலேயே ஒரு முனையைக் கொடுத்து, வரம்பு வரம்பாகத் திரும்பவும் அளந்தார். மத்தியான வெயில். அளந்து முடிந்ததும் நாடாவைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"ஐயா, இந்தத் தரை முழுக்கவே ரெண்டு ஹெக்டேயரும் சொச்சமும்தான். இதுக்குள்ள நாலு அவணம் எண்டு யார் உங்களுக்குச் சொன்ன?"

யார் சொன்னது. வல்லிபுரம் தன் வலது கையைப் பார்த்தார். அந்தக் கை இந்தத் தரையில் எத்தனை போகம் இரட்டை இரட்டையாக எறிந்திருக்கிறது. கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வரம்பிலேயே குந்திவிட்டார். ஆர்த்திகா தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஏசவில்லை. அப்பா வெயிலில் இருக்காதீங்க என்று மட்டும் சொன்னாள். அவள் ஏசியிருந்தால் அவருக்கு அன்றைக்கே சுகமாகியிருக்கும்.

எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். தனோஜன் விசயத்தைக் கேட்டுத் துடித்துப்போனான். மேலிடத்தில் போய்ப் பேசிவிட்டு வந்து ஒரு வழி சொன்னான். வயலை ஒட்டினாற்போல் மேட்டில் கோயில் தரிசு ஒன்று கிடந்தது, யாரும் விதைக்காத தரை. தளத்தில் பாதியை அதன்மேல் தள்ளிவிடலாம், கிறவல் லொறி வருவதற்குள் செய்தால் கம்பனிக்குச் சம்மதம். ஊர்க் கூட்டம் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு விதானையார் எழுந்து, ஆற்றோரத்து அவணத்தை மேட்டு அவணமாக நினைத்துச் சொல்லிவிட்டேன், அளவு பிழைத்துவிட்டது என்று வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பிழைத்துவிட்டது என்று ஒரு சொல். ஆர்த்திகாவின் பாதி வயல் திரும்பி வந்துவிடும்.

சொல்கிறேன் என்றார் வல்லிபுரம். அன்றைக்கு இரவு மகள் சுட்டுக் கொடுத்த மீனைத் திருப்தியாகச் சாப்பிட்டார்.

கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. கட்டை அடித்த கதை அதற்குள் வீடு வீடாகப் போய்விட்டது. ஆர்த்திகா இளையவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலோரம் நின்றாள். தனோஜன் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, ஐயா சொல்லுங்கள் என்றான். வல்லிபுரம் எழுந்தார். தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறப்பதற்கும் பெண்கள் பக்கமிருந்து பிரஷாந்தி எழும்புவதற்கும் சரியாக இருந்தது.

"விதானையார், ஒரு கேள்வி. ஆர்த்திகாட நாலு அவணம் அளந்து பாத்தா ரெண்டு எண்டு கதைக்கிறாங்க. அப்ப ஆத்தோரத்தில எனக்குப் பிரிச்சுத் தந்த ரெண்டு அவணம் எத்தின? அக்காட ரெண்டும் என்ட ரெண்டும் சமன் எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

ஆற்றோரத்துப் பங்குக்காரர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள். மேட்டுப் பங்குக்காரர்களும் பார்த்தார்கள், அது வேறு பார்வை. வல்லிபுரத்துக்கு விளங்கிவிட்டது. இப்போது பிழைத்துவிட்டது என்று சொன்னால் அது மகளின் வயலோடு நிற்காது. தான் கட்டின வரம்பெல்லாம் ஒவ்வொன்றாக வெடிக்கும். அக்கா தங்கச்சிமார் கந்தோருக்கும் கோட்டு வழக்குக்கும் ஓடுவார்கள். நாளைக்கு வரம்பில் நின்று கண்ணை இடுக்கினால் சின்னப் பிள்ளையும் சிரிக்கும். இருந்ததெல்லாம் அந்த ஒரு சொல்தானே. அதையும் கொடுத்துவிட்டால் மனைவி வீட்டில் ஏறி மகள் வீட்டில் குந்தியிருக்கிற ஒரு கிழவன், வேறென்ன.

மகள் வாசலில் நிற்பதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"அளவில ஒரு பிழையும் இல்ல. தளத்துக்கு ரெண்டு அவணம். லொறி திரும்ப, அணை போட, அதுக்கெண்டு மற்ற ரெண்டையும் நானாத்தான் விரும்பிக் குடுத்தன். ஊருக்கு நல்லது வரட்டுமெண்டு குடுத்தன்."

பொய் என்றால் இப்படி ஒரு பொய்யை அந்தக் கட்டடம் கேட்டிராது. மேட்டுப் பக்கத்து ஆட்களுக்கு மூச்சு வந்தது. மனிசன் என்றால் இவர்தான் என்று ஒருவர் சொன்னார், நாலு பேர் கை தட்டினார்கள். பிரஷாந்தி சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். தனோஜனுக்கு உண்மை தெரியும். என்றாலும் கம்பனிச் சம்பளம் வாங்குகிறவன் வலியப்போய்க் கம்பனியின் வேலையைத் தாமதப்படுத்துவானா? தலையைக் குனிந்தான். ஆனால் ஒன்றை மட்டும் செய்தான், அதற்காக அவனை மெச்ச வேண்டும். வாசல் பக்கம் திரும்பி, அக்கா, காணிக்காரி நீங்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டான்.

ஆர்த்திகா தகப்பனைப் பார்த்தாள். அவர் நிமிர்வாரா என்று பார்த்தாள். இடுப்பிலிருந்த பிள்ளை அவள் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்து விளையாடிற்று. அவர் துவாயின் ஓரத்தில் ஏதோ நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"விதானையார் சொன்னாச் சரி" என்றாள்.

அப்பா என்று சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியவருக்குக் கேட்டது.

கிறவல் வந்தது. டிப்பர் டிப்பராகக் கொட்டி, உருளை விட்டு இறுக்கினார்கள். கோபுரம் ஏறிற்று. முதல் ஒரு கிழமை சனம் பின்னேரங்களில் போய் வேடிக்கை பார்த்தது, கச்சான் கடலை விற்கக்கூட ஆள் வந்தது. பிறகு இரவும் பகலும் ஒரே இரைச்சல், பிள்ளைகளுக்கு நித்திரை இல்லை, ஆற்றில் வலை போட்டவர்கள் கரையைத் திட்டினார்கள். பிரதீஸ் சீருடை போட்டுக்கொண்டு தன் பெண்சாதியின் வயலுக்கே காவல் நின்றான். உள்ளே போகிறவர்களிடம் அட்டை கேட்பான். ஒருநாள் ஆர்த்திகா அவனுக்குச் சோறு கொண்டுபோனபோது, அட்டை இல்லை என்று வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அவளும் பார்சலை வேலியில் தொங்கவிட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள்.

எண்ணெய் இல்லை. கொஞ்சம் மணம் இருந்ததாம், தோண்டி எடுக்கிற அளவுக்கு இல்லையாம். துளைக்குச் சீமெந்து ஊற்றி மூடி, மேலே ஓர் இரும்புத் தகட்டை வைத்துவிட்டுக் கம்பனி போய்விட்டது. கோபுரம் போயிற்று, கொட்டில் போயிற்று, வாடகையும் பிரதீசின் வேலையும் போயின. அணை போடவே இல்லை. தரையைப் பழையபடி ஆக்கித் தருவதென்றால் அவர்கள் கணக்கில் மேலே இருந்த கிறவலைக் கொஞ்சம் வழித்து ஓரத்தில் குவிப்பது. அடியில் இறுகினது இறுகினபடியே கிடந்தது. மண்வெட்டி போட்டால் தீப்பொறி பறந்தது. இரண்டு ஹெக்டேயர் திருப்பி ஒப்படைக்கப்பட்டது என்று ஆர்த்திகாவிடம் கையெழுத்து வாங்கினார்கள், அதிலும் குறை சொல்ல முடியாது, இரண்டு ஹெக்டேயரும் அப்படியே அங்கேதான் இருந்தது.

அடுத்த போகத்துக்குக் கூட்டம் போட்டார்கள். யாரை விதானையாக வைப்பது என்ற கேள்வியே எழவில்லை. வல்லிபுரத்துக்கே எல்லாக் கையும் உயர்ந்தது. ஊருக்காக நாலு அவணம் கொடுத்த மனிசன் அல்லவா?

ஆர்த்திகா காத்தான்குடியில் ஒரு துணிக்கடைக்குத் தையல் வேலைக்குப் போகத் தொடங்கினாள். விடியவே போய், பாதை என்று சொல்கிற மிதவையில் ஏறி ஆற்றைக் கடந்து, அங்கால் பஸ் பிடிக்க வேண்டும். மிதவை கண்டல்முனையைச் சுற்றித்தான் போகும். மற்றப் பெண்கள் அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு அவளைப் பார்ப்பார்களாம். அவள் மறுபக்கம் திரும்பி நிற்பாளாம்.

வீட்டில் அவள் ஒரு குறை வைக்கவில்லை. தகப்பனின் சாரம் தோய்த்து மடித்திருக்கும், வெற்றிலை நறுக்கியிருக்கும், தலையிடி என்றால் தைலம் வரும். ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அப்பா என்ற சொல் அந்த வீட்டில் இல்லை. முதலில் வல்லிபுரம் கோபம் என்று நினைத்தார், ஆறிவிடும் என்று நினைத்தார். கோபமாக இருந்தால்தானே ஆறுவதற்கு. பிள்ளைகள் தாத்தா என்று வந்து மடியில் ஏறினால் மனிதர் அவர்களைக் கொஞ்சம் கூடுதலாகவே இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

அறுவடை வந்தது, ஊர் முழுக்க அவருக்கு உரிய நெல்லைக் கொண்டுவந்து போட்டது. மூட்டைகளை வீட்டு மண்டபத்தில் அடுக்கினார். வழக்கமாக ஆர்த்திகா அதிலும் அவித்துக் குற்ற எடுப்பாள். இந்த முறை தொடவில்லை. தன் சம்பளத்தில் கடையில் அரிசி வாங்கி வந்தாள், பையில் போட்டு நிறுத்துத் தருகிற அரிசி. படுவான்கரையில் வட்டை விதானை வீட்டில் கடை அரிசி. கேட்டால் ஊர் சிரிக்கும். அவர் கேட்கவில்லை. கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள் என்று அவருக்குத் தெரியும், அதற்குத்தான் பயம்.

மூட்டைகள் எலி தின்னத் தின்ன அப்படியே கிடந்தன. மாரி முதல் மழை விழுந்த காலையில், ஒரு மூட்டையை ஊறவைத்து முளை கட்டி, கடகத்தில் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வல்லிபுரம் கண்டல்முனைக்குப் போனார். கிறவலின் மேல் நின்றார். எறிந்தார். இரட்டைக் கை எறிந்தார், அதே இடத்தில் திரும்பவும் எறிந்தார். நெல் கல்லில் பட்டுச் சிதறிற்று. அவர் அந்தப் பக்கத்து மூலைக்குப் போவதற்குள் இந்தப் பக்கத்தில் புறாவும் காகமும் இறங்கிவிட்டன. விரட்ட ஓடினார், வயதான கால், கிறவலில் வழுக்கி முழங்கால் தேய்ந்தது. அவ்வளவு தரைக்கும் எத்தனை மரக்கால் பிடித்தது என்று யாராவது கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. வெறும் கடகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

அன்றைக்கு ஆர்த்திகாவுக்கு லீவு. முழங்காலைப் பார்த்தாள். எங்கே போய் வந்தார் என்று கடகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டாள். சுடுதண்ணீரும் மஞ்சளும் கொண்டுவந்து, குந்தியிருந்து, கிறவல் துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காயத்தைக் கழுவிவிட்டாள். அவளுடைய தலைமயிர் அவர் கண்ணுக்குக் கீழே இருந்தது. வகிட்டில் நரை தொடங்கியிருந்தது.

"மகள், அண்டைக்கு நான் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றார்.

வீட்டில் அவளும் அவரும் மட்டும்தான். மூத்தவள் பள்ளிக்கூடத்தில், இளையவள் பாலர் பாடசாலையில், பிரதீஸ் கூலிக்குப் போயிருந்தான். கேட்க வேறு எவரும் இல்லாத இடத்தில் அந்தச் சொல் வந்து விழுந்தது. ஆர்த்திகா துணியைப் பிழிந்து விரித்துப் போட்டாள். கையைக் கழுவிக்கொண்டு குசினிக்குள் போனாள். கடை அரிசிச் சோற்றை நிறையப் போட்டு, மீன் குழம்பை ஊற்றி, கோப்பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"விதானையார், சோறு போட்டிரிக்கு. ஆற முந்திச் சாப்பிடுங்க."

சாப்பிட்டார்.